காக்கை எழுதிய புத்தகம்

குயிலைப் பற்றி ஒரு பாட்டாவது எழுதாதவனைக் கவிஞன் என்று ஒப்புக்கொள்ள நம் ஜனங்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அதே குயில் கூடு கட்டாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்து போய்விடும். காக்கை அடைகாக்கும், குஞ்சு பொரிந்ததும் இரை தேடி ஊட்டும், ஒரு நாள் அது வாயைத் திறந்து கூவும்போதுதான் காக்கைக்கு விஷயம் விளங்கும் என்று என் பாட்டி சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள். கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் சிரிப்போம். ஏமாற்றிய குயிலுக்குக் கவிதை, ஏமாந்த காக்கைக்குச் சிரிப்பு, இதுதான் வெகு காலமாக நம் வழக்கம். அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைக்கிறோம். ஆனால் 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று காக்கையிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தக் காக்கையே உட்கார்ந்து எழுதியது போன்ற ஒரு புத்தகத்தைச் சமீபத்தில் படித்தேன். கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற அமெரிக்கர் 1989-ல் வெளியிட்ட 'தி குக்கூஸ் எக்'. குயிலின் முட்டை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் புகுந்து திருடுகிறவனை ஒரு மனிதர் ஏறக்குறைய ஒரு வருஷம் துரத்திய கதை. கதை என்கிறேனே தவிர, அத்தனையும் நடந்தது.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவனல்ல. இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறவன். கம்ப்யூட்டரோ எனக்குத் தட்டெழுத்து யந்திரத்தின் ஸ்தானத்தில் இருக்கிறதே தவிர, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அப்படிப்பட்டவன் இந்தப் புத்தகத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். பிறகு தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. மளிகைக் கடைச் சிட்டையில் இருபத்தைந்து பைசா உதைத்தால், வெயிலென்றும் பாராமல் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வருவார். அவருக்குச் சென்ற வருஷம் ஒரு டெலிபோன் வந்தது. மும்பையில் பிடிபட்ட ஒரு பார்சலில் அவருடைய ஆதார் நம்பர் இருந்ததாம். உள்ளே போதைப் பொருளாம். பிறகு வீடியோவில் போலீஸ் உடுப்புடன் ஒருவன் தோன்றினான். முத்திரை குத்திய கோர்ட் உத்தரவு ஒன்றைக் காட்டினான். 'நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள். யாரிடமும் பேசக் கூடாது' என்றான். மனைவி கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். மனிதர் இரண்டு பகல், இரண்டு இரவு அந்த டெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை பாங்குக்குப் போய், வைப்புத் தொகை 9,40,000 ரூபாயை எடுத்து, அவன் சொன்ன கணக்குக்கு மாற்றினார். குமாஸ்தா ஏனென்று கேட்டதற்கு, சொல்லிக் கொடுத்தபடியே, 'நிலம் வாங்க' என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களை எண்ணினால் அது இரண்டாவதோ மூன்றாவதோ இருக்கும்.

நான் மறுநாள் எதேச்சையாக அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'என்ன ஸார், கணக்கு வாத்தியாரே கணக்கில் கோட்டை விடலாமா?' என்றேன். சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவர் சிரித்த விதம் எனக்குள் ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றது.

இதற்குப் பிறகு, உண்மையைச் சொல்வதென்றால் பாதி மனசாட்சியினாலும் பாதி ஒரு நாவலுக்கு விஷயம் கிடைக்கிறதே என்ற பேராசையினாலும், இந்தத் திருட்டைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். பெரும்பாலும் எச்சரிக்கை வாசகங்கள்தான். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஸ்டாலின் புத்தகம் மட்டுமே என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தது.

ஸ்டால் வானசாஸ்திரி. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து மலைமேல் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தில் டெலஸ்கோப் வேலை பார்த்தார். மானியம் தீர்ந்து போயிற்று. அதே ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் கொண்டு போய்ப் போட்டார்கள். 1986 ஆகஸ்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டரை உபயோகிக்கிறவர்கள் நேரத்துக்குத் தக்கபடி காசு கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் வரும் அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர். யாரோ ஒன்பது விநாடி உபயோகித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போயிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவனைப் பழக்குவதற்கு ஏற்ற சில்லறைக் காரியம் என்று மேலதிகாரிகள் நினைத்தார்கள். ஸ்டால் அதை விடவில்லை. என் கணக்கு வாத்தியாரும் விட்டிருக்க மாட்டார். இந்த இடத்தைப் படித்தபோதே எனக்குப் புத்தகத்தின் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

துப்பறியும் கதைக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நம் தாத்தாக்களை விடிய விடிய விழிக்க வைத்தவர்கள். தேவனின் சாம்பு வேலை போன பாங்குக் குமாஸ்தா. அதிர்ஷ்டமே அவனுக்காகத் துப்பறிந்துவிடும். ஸ்டாலையும் முதலில் சாம்புவாகத்தான் நினைத்தேன். பரட்டைத் தலை, சைக்கிள், தோட்டம், போலீஸ் என்றால் முகம் சுளிக்கும் இடதுசாரி நண்பர்கள். ஆனால் சாம்புவிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. நோட்டுப் புத்தகம். வானத்தைப் பார்க்கிறவன் பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் அவன் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அந்தப் பயிற்சியைத் திருடன் விஷயத்திலும் விடாமல் கைக்கொண்டார். எத்தனை மணிக்கு வந்தான், என்ன தட்டினான், எத்தனை மணிக்குப் போனான், தான் யாருக்கு டெலிபோன் செய்தார், அவர்கள் என்ன சொன்னார்கள், அத்தனையும் தேதி வாரியாக. ஒரு சனி ஞாயிறில் சக ஊழியர்களின் மேஜைகளிலிருந்து ஐம்பது அச்சு யந்திரங்களையும் டெர்மினல்களையும் இரவல் வாங்கி, உள்ளே வரும் ஐம்பது கம்பிகளிலும் ஒவ்வொன்றாக மாட்டி, நடுவில் தரையில் படுத்துத் தூங்கினார். கம்பி வழியே வந்தவன் தட்டியதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் காகிதத்தில் விழுந்தது.

வந்தவன் செய்ததுதான் குயில் வேலை. ஆராய்ச்சிக்கூடத்தின் கம்ப்யூட்டரில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அதன் வழியாக, யந்திரம் தானாகவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓட்டும் ஒரு காரியக் குறிப்பை எடுத்துவிட்டுத் தன் குறிப்பை அந்த இடத்தில் வைத்தான். யந்திரம் தன்னுடையது என்று நினைத்து அதை அடைகாத்தது. பொரிந்ததும் வீட்டுச் சாவி முழுவதும் அவன் கையில். அங்கிருந்து அமெரிக்க ராணுவத்தின் கம்ப்யூட்டர்களைத் தேடிப் போனான். நானூறுக்கு மேற்பட்ட கதவுகளைத் தட்டினான். முப்பதுக்கு மேல் திறந்தன. திறந்ததற்கு அவனுடைய சாமர்த்தியத்தைவிட வீட்டுக்காரர்களின் அசட்டைதான் காரணம். யந்திரத்தை விற்றவர்கள் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமலே வைத்திருந்தார்கள். ஸ்டால் இதைச் சொல்லும்போது மட்டும் எழுத்தில் கோபம் தெரிகிறது.

ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்தவன் ஏதாவது ஆபத்தான இடத்தில் கை வைக்கப் போகிறான் என்று தெரிந்தால், ஸ்டால் தன் சாவிக்கொத்தை எடுத்துக் கம்பிகளின் மேல் உரசுவார். இரைச்சல் கலந்து எழுத்துக்கள் குழம்பும். திருடன் 'லைன் சரியில்லை' என்று நொந்துகொண்டு போய்விடுவான். கோடிக்கணக்கான டாலர் செலவில் காவல் காக்கும் ஒரு தேசத்தின் ரகசியத்தை ஒரு வீட்டுச் சாவிக்கொத்து காப்பாற்றுகிறது. இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் விமர்சகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் புத்தகத்தின் உயிர் துரத்தலில் இல்லை. சட்டத்தின் வாசலில் ஒரு மனிதன் நின்ற கோலத்தில் இருக்கிறது. ஸ்டால் எஃப்.பி.ஐ.யிடம் போனார். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். முக்கால் டாலர். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போயிருந்தால், அல்லது ராணுவ ரகசியம் போயிருந்தால் வா என்று அனுப்பிவிட்டார்கள். சி.ஐ.ஏ., விமானப்படை, தேசப் பாதுகாப்பு ஏஜென்ஸி, ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். எல்லோரும் பிரியமாகக் கேட்டுக்கொண்டார்கள். நடப்பதை அவ்வப்போது சொல்லும்படி வேண்டிக்கொண்டார்கள். தங்கள் இலாகா அல்ல என்றார்கள். கலிபோர்னியாவில் வாங்கிய கோர்ட் உத்தரவு வர்ஜீனியா மாகாணத்து டெலிபோன் கம்பெனியிடம் செல்லவில்லை. நம்பர் தெரிந்தும் சொல்ல மறுத்தார்கள். திருடனோ ஒரே இரவில் சமுத்திரத்தைத் தாண்டி வந்து போய்க்கொண்டிருந்தான். எல்லைக் கோடு சட்டத்துக்கு மட்டும்தான் இருந்தது.

என் ஆசிரியரோடு நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் முதல் கேள்வி 'எவ்வளவு போச்சு?' என்பதுதான். ஒன்பது லட்சத்து நாற்பதினாயிரம் என்றதும், 'நேத்து வந்தவருக்கு முப்பத்தஞ்சு' என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டாவது கேள்வி, 'எத்தனை மணி நேரத்துக்குள்ள 1930-க்குக் கூப்பிட்டீங்க?' ஏமாந்தவர் உடனே அந்த நம்பருக்குச் சொன்னால், பணம் கை மாறுவதற்கு முன் பாங்குகளில் அதை முடக்கப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. என் ஆசிரியர் வெட்கத்தினால் ஐந்தாவது நாள் கூப்பிட்டார். அந்த இரண்டு இரவுகளில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதிக்கொள்ள அந்தப் பாரத்தில் இடம் கிடையாது. முக்கால் டாலர் என்றால் சட்டம் சிரிக்கிறது. ஒன்பது லட்சம் என்றால் பெருமூச்சு விடுகிறது. தொகையை வைத்துத்தான் அது மனிதனைப் பார்க்கிறது.

கண்ணகிக்காவது உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு இருந்தது. மாணிக்கப் பரல் தெறித்து விழுந்ததும் பாண்டியனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஸ்டாலுக்கு உடைத்துக் காட்ட என்ன இருந்தது? திருடன் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை, படித்துவிட்டுப் போனான். வைத்த இடத்தில் எல்லாம் வைத்தபடி இருக்கிறது. அந்த அச்சிட்ட காகிதங்களும் நோட்டுப் புத்தகமும்தான் அவருடைய சிலம்பு.

முடிவில் வலை விரிக்கும் யோசனையைச் சொன்னது அவருடைய தோழி, சட்டக் கல்லூரி மாணவி. திருடன் அதிக நேரம் தங்கினால்தானே ஜெர்மனியில் டெலிபோன் இலாகா அவன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடியும்? அங்கே பழைய காலத்து ஸ்விட்சுகள். ஆள் போய்க் கம்பியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆகவே இல்லாத ஒரு ராணுவத் திட்டத்துக்குக் கட்டுக் கட்டாகப் பொய்க் கடிதங்கள் தயாரித்து அவன் கண்ணில் படும்படி வைத்தார்கள். அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து படித்தான். அகப்பட்டுக்கொண்டான். ஹானோவர் நகரத்து இளைஞன், மார்க்கஸ் ஹெஸ் என்று பெயர். சில மாதங்களுக்குப் பிறகு, அந்தப் பொய்க் கோப்பில் மட்டுமே இருந்த விலாசத்துக்கு, மேலும் காகிதங்கள் வேண்டுமென்று பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு நிஜமான கடிதம் தபாலில் வந்ததே, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். ஹெஸ்ஸும் அவன் கூட்டாளிகளும் எடுத்ததை சோவியத் உளவு ஸ்தாபனமான கே.ஜி.பி.க்கு விற்றிருக்கிறார்கள். கூலி பணமும் போதைப் பொருளும்.

இனி என் குறை. ஸ்டால் நல்ல எழுத்தாளர் அல்ல என்று சிலர் சொல்லலாம். அதை நான் ஒப்ப மாட்டேன். நடுவில் பிஸ்கோத்து செய்யும் பக்குவத்தைக்கூட எழுதுகிறார். தன் அசட்டுத்தனங்களை மறைக்கவில்லை. டெலிபோன் சம்பாஷணைகள் நடுப்பகுதியில் அலுப்புத் தட்டுகின்றன, வாஸ்தவம். ஆனால் அதிகாரத்தை வெறுத்த ஒரு பரட்டைத் தலைக்காரர், ஒருவரை ஒருவர் நம்பியதால் உண்டான ஒரு பொது வீதியை ஒரு திருடன் பாழாக்குகிறானே என்று துடித்து, வெறுத்த அதிகாரிகளின் பக்கத்திலேயே போய் நிற்கும்படி ஆகிறதே, அந்த மனமாற்றம் எந்த நாவலுக்கும் பெருமை சேர்க்கும். என் குறை வேறு. முந்நூறு பக்கத்துக்கு மேல் ஒருவனைத் துரத்துகிற ஆசிரியர், அவன் வீட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறார். உள்ளே போகவே இல்லை. ஹானோவரில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்து எதைத் தேடினார்கள்? நமக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் கார்ல் கோக் என்று ஒருவன். போதைப் பழக்கத்தில் சிதைந்தவன். அதிகாரிகளிடம் தானே போய் ஒப்புக்கொண்டவன். 1989 மே மாதத்தில் காணாமற் போனான். காட்டில் கருகிய உடலாகக் கண்டெடுத்தார்கள். வயது 23. தற்கொலை என்பது அரசாங்கத்தின் முடிவு. ஸ்டாலின் புத்தகத்தில் இது கடைசிப் பக்கங்களில் ஒரு செய்தியாக வருகிறது. ஒரு நாவலாசிரியன் அங்கேதான் தொடங்கியிருப்பான். ஹெஸ்ஸுக்கும் மற்ற இருவருக்கும் 1990 பிப்ரவரியில் ஸெல்லே நகரக் கோர்ட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷம் வரை சிறை விதித்து, அந்தத் தண்டனையையும் நிறுத்தி வைத்தார்கள். ஸ்டால் அங்கே போய்ச் சாட்சி சொன்னார்.

வாழ்க்கை கதாசிரியனைவிடத் துணிச்சலானது என்பதற்கு இன்னொரு அத்தாட்சியும் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. தேசப் பாதுகாப்பு ஏஜென்ஸியில் ஸ்டாலின் கதையை அக்கறையாகக் கேட்டவர்களில் ஒருவர் ராபர்ட் மாரிஸ், கம்ப்யூட்டர் பாதுகாப்பில் தலைமை விஞ்ஞானி. 1988 நவம்பர் 2-ம் தேதி அமெரிக்கக் கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் மூச்சுத் திணறி நின்றன. தானாகப் பரவும் ஒரு புழுவை யாரோ விட்டிருந்தார்கள். விட்டவன் அதே மாரிஸின் மகன். காவல்காரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்கா 1986 அக்டோபரில், ஸ்டால் இரவெல்லாம் விழித்திருந்த அதே மாதங்களில், கம்ப்யூட்டர் மோசடிக்கென்று கொண்டுவந்த சட்டத்தின் கீழ் ஜூரி குற்றவாளி என்று தீர்மானித்த முதல் மனிதன் அந்தப் பிள்ளைதான். மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். தகப்பனாரின் முகத்தை அன்று யார் பார்த்தார்களோ!

சட்டம் இந்தக் குற்றத்துக்குப் பெயர் வைக்கத் திண்டாடிய கதையும் ஒரு எழுத்தாளனுக்குச் சுவையானது. சொல் கிடைக்காமல் தவிப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியுமே. இங்கிலாந்தில் ஷிஃப்ரீன், கோல்ட் என்ற இருவர் பொதுஜனத் தகவல் சேவை ஒன்றில் புகுந்து, எடின்பரோ கோமகனின் கடிதப் பெட்டி வரைக்கும் போய்விட்டார்கள். எந்தச் சட்டத்தில் பிடிப்பது? கள்ளப் பத்திரம் தயாரிப்பதற்கான 1981-ம் வருஷச் சட்டத்தில் பிடித்தார்கள். தட்டிய கடவுச்சொல் யந்திரத்தில் ஒரு கணம் நின்று மறைந்துவிடுகிறது. ஒரு கணம் நிற்பதைப் 'பதிவு' என்று சொல்ல முடியாது என்று 1988-ல் பிரபுக்கள் சபை அவர்களுடைய விடுதலையை உறுதி செய்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பிறகுதான் 1990-ல் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். 2000 மே மாதம் மணிலாவில் ஒரு மாணவன், 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று தலைப்புப் போட்ட கடிதத்தில் விஷம் வைத்து உலகத்தையே கலக்கினான். அவனைத் தண்டிக்க பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. ஜூன் 14-ம் தேதி அவசரமாகச் சட்டம் செய்தார்கள். முன்னால் நடந்த குற்றத்துக்கு அது செல்லாது. ஆகஸ்டில் அவன் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால்தான் நம்முடைய தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது.

நம்மிடம் வேறு விதமான சங்கடம் வந்தது. சொல் போதாமல் அல்ல, சொல் அகலமாகி. 2008-ல் திருத்தியபோது 66ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மிகவும் புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, அசௌகரியம் உண்டாக்குவது என்று இந்த மாதிரிச் சொற்களை அடுக்கி, மூன்று வருஷச் சிறை வைத்தார்கள். அந்த அளவுகோலால் அளந்தால் உள்ளே போகாத கதாசிரியன் ஒருவன்கூட மிஞ்ச மாட்டான். 2012-ல் மகாராஷ்டிரத்தில், ஒரு தலைவரின் மறைவுக்கு ஊரே கடையடைத்ததைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதிய பெண்ணையும், அதற்கு 'லைக்' போட்ட அவள் தோழியையும் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை அடியோடு ரத்து செய்தது. திருடனைப் பிடிக்கச் செய்த வலையில் பேசுகிறவன் விழுந்தான். திருடன் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

எந்தப் பக்கம் போனான் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் முள்வேலிக்குள் கட்டடங்கள். கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போன இளைஞர்களை அங்கே அடைத்து, கைப்பேசியில் பிறரை ஏமாற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி. 2022-ல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் ஆசிரியரிடம் பேசிய குரல் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையுடையதா, அல்லது குளிர்சாதன அறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டிருந்த ஒரு போக்கிரியுடையதா, யார் கண்டார்கள்? ஸ்டால் ஹானோவரில் வாசற்படியோடு நின்றது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்பதை இங்கே வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வேலிக்குள் இருக்கிற அந்தக் குயில் குஞ்சையும் யாராவது எழுத வேண்டும்.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. வர்ஜீனியாவில் செல்லாமற் போன அந்தக் கலிபோர்னியா உத்தரவின் சங்கடத்தைத் தீர்க்க 2001-ல் புடாபெஸ்டில் ஐரோப்பிய தேசங்கள் ஓர் உடன்படிக்கை செய்தன; ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2025 அக்டோபரில் ஹானோயில் கையெழுத்துக்கு வந்தது. அதே மாதம் நம் சுப்ரீம் கோர்ட், ஹரியாணாவின் அம்பாலாவில் ஏமாந்த ஒரு முதிய தம்பதியின் கடிதத்தைப் பார்த்து, தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏமாற்றியவர்கள் அவர்களுக்குக் காட்டியது சுப்ரீம் கோர்ட்டின் பெயரிலேயே தயாரித்த கள்ள உத்தரவு. டிசம்பரில் நாடு முழுவதும் இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' வழக்குகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவாயிற்று. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எங்கும் ஒன்று கிடையாது. இல்லாத ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு இரண்டு நாள் ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த வழக்கும் ஒரு காக்கையின் கடிதத்தில்தான் பிறந்தது என்பதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

புத்தகத்தை என் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தார். 'ஏம்ப்பா, அந்த முக்கால் டாலர் கடைசியிலே வசூலாச்சா, இல்லையா? அதை அவன் எழுதவே இல்லையே' என்றார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பிறகு ஜோல்னாப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அந்த இரண்டு நாளையும் அதற்குப் பின் வந்த நாட்களையும் நினைவுக்கு வந்தவரை மணிவாரியாக எழுதியிருந்தார். அவன் என்ன சொன்னான், தாம் என்ன சொன்னார், எப்போது தண்ணீர் குடித்தார், எப்போது பயம் அதிகமாயிற்று, எந்தக் கணத்தில் 'இது பொய்யோ' என்று தோன்றியும் ஏன் வாயைத் திறக்கவில்லை, எல்லாம்.

'இதைக் கோர்ட்டிலே எடுத்துப்பாளா?' என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். பணம் போனதற்கு மறுநாள் பக்கத்தில், காலை 10.40 என்று போட்டு, என் பெயரை எழுதியிருந்தார். 'வந்தான். சொன்னேன். சிரித்தான். நானும் சிரித்தேன். 11.10-க்குப் போனான்.'